ராஸ்கோவின் பெட்டிமேல் வாணலி

ராஸ்கோ கெசிங்கரின் சாவுக்கு ஆரின் ட்வெட் இரண்டு இரங்கல் உரைகளோடு கிளம்பினார். கோட்டின் இடது பையில் இருந்தது மனைவி வெர்லா எழுதிக் கொடுத்தது. நல்ல மனிதர், நல்ல பக்கத்துக்காரர், கேட்டைத் திறந்தால் மறக்காமல் மூடுவார் என்று அரைப் பக்கம். வலது பையில் இருந்தது மூன்று நாள் சமையலறை மேஜையில் உட்கார்ந்து ஆரினே எழுதியது. அதைச் சுருக்கினால் ஒரே ஒரு வரிதான் தேறும்: இவன் என் கன்றைத் திருடினான்.

இரண்டாவது தாளைப் பற்றி வெர்லாவுக்குத் தெரியாது என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார். ஐம்பத்திரண்டு வருஷம் ஒருத்தியோடு குடித்தனம் நடத்திய ஆள் இப்படியும் நினைப்பாரா என்று கேட்காதீர்கள், நினைத்தார். பிக்கப் வண்டி தார்ச்சாலையில் ஏறியதுமே அவள் ஆரம்பித்துவிட்டாள்.

"வலது பையில இருக்கறத இங்கயே குடுத்துரு."

"எந்தப் பை?"

"ஆரின்."

"அப்ப என்னை சாவு வீட்டுல பொய் சொல்லச் சொல்றியா?"

"ஊரே அதத்தான் செய்யப் போகுது. நீ மட்டும் என்ன, வானத்துலேர்ந்து குதிச்சவனா?"

வண்டி பிளம் ஃபோர்க் ஊரை நோக்கி ஓடியது. இரண்டு பக்கமும் மணல்மேட்டுப் புல்லில் ராஸ்கோவின் மாடுகள் நின்று சாலையைப் பார்த்தன. சிவப்பு உடம்பு, வெள்ளை முகம். அதில் நாலில் ஒன்றுக்கு இடது கண்ணைச் சுற்றி மட்டும் சிவப்பு வளையம். அந்த வளையக் கண்கள் முப்பத்தெட்டு வருஷமாக வேலிக்கு அந்தப்புறம் நின்று ஆரினை முறைத்துக்கொண்டிருக்கின்றன. அத்தனையும் அந்த ஒரு கன்றின் வம்சம்.

எண்பத்தாறாம் வருஷம் ஏப்ரல் கடைசியில் அடித்த பனிப்புயலில் இரண்டு பண்ணைகளுக்கும் நடுவிலிருந்த பதினோரு மைல் வேலியில் பாதி படுத்துவிட்டது. ஆரினின் வளையக்கண் பசு ஒன்று காணாமல் போனது. அதன் கிடேரிக் கன்று மட்டும் பிழைத்து, ராஸ்கோவின் மந்தையோடு போய் ஒட்டிக்கொண்டது. பழுக்கக் காய்ச்சிய இரும்பால் முத்திரை போடாத கன்று யாருடையது என்று கேட்டால் எங்கள் பக்கத்தில் தாய்தான் சாட்சி. எந்தப் பசுவின் மடியில் போய் முட்டுகிறதோ, அந்தப் பசுவின் முத்திரைதான் கன்றுக்கும். இந்தக் கன்றுக்கு முட்டுவதற்கு மடி இல்லை.

மே மாதம் ராஸ்கோ பண்ணையில் கன்றுகளுக்கு முத்திரை போடும் நாள். அக்கம்பக்கத்துப் பண்ணைக்காரர்கள் எல்லாரும் ஒத்தாசைக்கு வருவது வழக்கம். வழிதவறி வந்த தங்கள் கன்று எதுவும் கலந்திருந்தால் போட்டுக்கொள்ள அவரவர் முத்திரை இரும்பையும் கொண்டுவருவார்கள். ஆரினும் தன் இரும்போடு போயிருந்தார். அவர் பட்டியின் அந்தக் கோடியில் குதிரைமேல் இருந்து கயிறு வீசிக்கொண்டிருந்தபோது இந்தக் கோடியில் வளையக்கண் கன்றின் தொடையில் ராஸ்கோவின் கிரீட முத்திரை புகைந்துவிட்டது. ஆரின் குதிரையை விரட்டிக்கொண்டு வந்து, அது என்னுது என்றார். ராஸ்கோ நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"முத்திரை விழுந்தாச்சு ஆரின். இனி அதுதான் பேசும்."

ஆரின் வந்த கோபத்தில் தன் இரும்பைக்கூட எடுக்காமல் கிளம்பிவிட்டார். மறுவாரம் ஆள் அனுப்பிக் கேட்டதற்கு, அப்படி ஒரு இரும்பைப் பார்க்கவே இல்லை என்று பதில் வந்தது. கன்றும் போச்சு, இரும்பும் போச்சு. கொல்லனிடம் புது இரும்பு அடித்துக்கொண்டார். ஆரினின் முத்திரை கைப்பிடி வைத்த வாணலி. அவர் தாத்தா காலத்தில் பதிவு செய்தது. ஊரில் கிரீடம் வைத்திருப்பவன் ராஸ்கோ, வாணலி வைத்திருப்பவன் ஆரின் என்றால், யார் பேச்சு எடுபடும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

அதே கோடையில் ராஸ்கோ கால்நடை வளர்ப்போர் சங்கத்துக்குத் தலைவரானார். மாட்டுத் திருடர்களை ஒழிப்பேன் என்று சொல்லித்தான் ஜெயித்தார். சும்மா சொல்லக்கூடாது, ஒழிக்கவும் செய்தார். சட்டத்தை இறுக்கினார், வறட்சியில் வைக்கோல் வரவழைத்தார், வாஷிங்டன் வரை போய்ச் சண்டை பிடித்தார். மூன்று முறை தலைவர். 'முத்திரைதான் பேசும்' என்று தொப்பியில் அச்சடித்து எல்லாருக்கும் இலவசமாகக் கொடுத்தார். ஆரினுக்கும் ஒன்று வந்தது. அதைக் காற்றாலைக்குக் கிரீஸ் தடவ வைத்துக்கொண்டார்.

அப்பேர்ப்பட்ட மனிதனைப் போய்க் கன்றுத் திருடன் என்று எப்படிச் சொல்வது? எங்கள் பக்கத்தில் அந்த வார்த்தையைச் சொன்னால் நிரூபிக்க வேண்டும், முடியாவிட்டால் சொன்னவன் அதற்குப் பிறகு காப்பிக்கடையில் தனியாகத்தான் உட்கார வேண்டும். ஆரின் வெர்லாவைத் தவிர யாரிடமும் சொல்லவில்லை. ராஸ்கோ வீட்டு வாசற்படி மிதிப்பதில்லை, கொட்டகைக்குள் காலடி வைப்பதில்லை என்று மட்டும் வைத்துக்கொண்டார். ஆனால் ஒவ்வொரு வசந்தத்திலும் ராஸ்கோவின் முத்திரை நாளுக்குத் தவறாமல் போனார். ராஸ்கோவும் இவருடையதற்குத் தவறாமல் வந்தார். வேலி ஒன்றாக இருக்கும்போது அதை நிறுத்த முடியாது. பேச வேண்டியது வந்தால் ஆரின் தன் குதிரையிடம் சொல்வார், அந்தப் பக்கம் ராஸ்கோ தன் குதிரையிடம் பதில் சொல்வார். அந்த இரண்டு குதிரைகளுக்கும் சந்தை நிலவரம் முழுக்க அத்துப்படி.

இப்போது ராஸ்கோ போய்விட்டார். ராஸ்கோவின் மனைவி மாக்சின் போன் செய்து, அதிக வேலியைப் பங்கு போட்டவர்தான் கடைசியாகப் பேச வேண்டும், அது நீதான் ஆரின் என்று சொல்லிவிட்டாள். ஆரினுக்கு வயது எழுபத்தொன்பது. நாலு கவுண்டி என்கிற நாலு மாவட்டத்து ஆட்களும் ஒரே இடத்தில் தொப்பியைக் கழற்றிவிட்டுக் காது கொடுக்கப்போகும் நாள் இனி வரப்போவதில்லை. இன்றைக்கு விட்டால் கன்று அந்தப் பெட்டியோடு மண்ணுக்குள் போய்விடும்.

தேவாலயம் போதாது என்று ஏலக் கொட்டகையில்தான் ஏற்பாடு. மாடுகளை ஓட்டிக் காட்டும் வட்டத்தில் மரத்தூளைப் புதிதாகப் பரப்பி, சுற்றிலும் படிவரிசையில் முந்நூறு பேர் உட்கார்ந்திருந்தார்கள். ராஸ்கோவின் பைன்மரப் பெட்டியைத் தள்ளுவண்டியில் வைத்து, மாடுகள் வரும் கதவு வழியாகவே உள்ளே கொண்டுவந்தார்கள். வட்டத்துத் தரை முழுக்க ஒரு எடைமேடை என்பது யாருக்கும் ஞாபகம் வரவில்லை. பெட்டி வந்து நின்றதும் சுவரிலிருந்த பலகையில் சிவப்பு விளக்கு பளிச்சென்று எரிந்தது. எண்ணிக்கை: 1. எடை: 486 பவுண்டு. பாதிரியார் கண்ணை மூடி ஜெபித்துக்கொண்டிருந்ததால் அணைக்க வேண்டியவனும் கண்ணைத் திறக்கவில்லை. ஆரினுக்குப் பின் வரிசையில் ஒருவர், இந்த வயசுக்கு நல்ல எடைதான் என்று பக்கத்து ஆளிடம் முணுமுணுத்தார்.

நிகழ்ச்சியை நடத்தியவன் ஏலக்காரன் டூயி. நாற்பது வருஷம் அதே மேடையில் மாடு விற்றவன். மெதுவாகப் பேசச் சொல்லி மாக்சின் கெஞ்சியிருந்தாள், பாவம், அவனும் முயற்சி செய்தான். ஆனால் பேச்சாளர்களின் பெயரை வாசிக்கும்போது நாக்கு தன்னால் ஓட்டம் பிடித்தது. மாநிலச் சங்கத்திலிருந்து வந்தவர் நேர்மை என்றார். தீவனக் கம்பெனிக்காரர் நேர்மை என்றார். வாஷிங்டனிலிருந்து வந்த கடிதத்திலும் நேர்மை இருந்தது. ஒவ்வொரு நேர்மைக்கும் ஆரினின் கை வலது பைக்குள் போய்த் தாளைத் தொட்டுவிட்டு வந்தது. வெர்லா அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கடைசியில் ஆரின் முறை. அவர் வட்டத்தில் இறங்கி நின்றார். பலகை 486-லிருந்து 660-க்குத் தாவியது. வலது பைத் தாளை எடுத்துப் பிரித்தார்.

"எண்பத்தாறாம் வருஷம் மே மாசம்," என்று ஆரம்பித்தார். "எங்க ரெண்டு பேருக்கும் நடுவுல இருக்கற வேலி, வடக்கால..."

வடக்கு எது என்று காட்டக் கையைத் தூக்கினார்.

"ஹெப்!" என்று மேடையிலிருந்து கத்தினான் டூயி.

அந்தக் கொட்டகையில் ஒருத்தன் கை தூக்கினால் ஏலத்தில் கேட்பு விழுந்துவிட்டது என்று அர்த்தம். நாற்பது வருஷப் பழக்கம், அவன் என்ன செய்வான். முந்நூறு பேரும் அடக்க முடியாமல் சிரித்தார்கள். மாக்சினே கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டாள். டூயி முகம் சிவந்து மன்னிப்புக் கேட்டான். சிரிப்பு அடங்குவதற்குள் ஆரினுக்கு நெஞ்சில் கட்டி வைத்திருந்ததெல்லாம் உதிர்ந்துவிட்டது. சிரித்து முடித்த முகங்களைப் பார்த்துத் திருடன் என்று எப்படிச் சொல்வது? அவர் வலது தாளை மடித்து வைத்துவிட்டு இடது தாளை எடுத்தார். நல்ல மனிதர், நல்ல பக்கத்துக்காரர், கேட்டைத் திறந்தால் மூடுவார் என்று வாசித்துவிட்டு வந்து உட்கார்ந்தார். வெர்லா அவர் தொடையில் தட்டிக் கொடுத்தாள். அவருக்கு அவள் கையைக் கடிக்கலாம் போல இருந்தது.

பிறகு பெட்டியை முற்றத்துக்குக் கொண்டுபோனார்கள். புதைப்பதற்கு முன் பெட்டியில் மனிதனின் முத்திரையைப் போடுவது எங்கள் பக்கத்து மரியாதை. நெருப்பு தயாராக இருந்தது, இரும்பின் முகம் தணலுக்குள் கிடந்தது. முத்திரையை வைக்க வேண்டியது ராஸ்கோவின் மருமகன் ட்ரெவர். லிங்கன் நகரத்தில் பல் டாக்டர், நல்ல பிள்ளை, மாட்டைக் கண்டால் கொஞ்சம் ஒதுங்கி நிற்பான்.

முதலில் எங்கே போடுவது என்ற தகராறு வந்தது. ராஸ்கோவின் முத்திரை இடது தொடைக்குப் பதிவானது. மல்லாந்து கிடக்கும் மனிதனின் இடது தொடை பெட்டியின் எந்தப் பக்கம்? செத்தவரின் இடதா, பார்ப்பவரின் இடதா? மாட்டுக்கு என்றால் பின்னால் நின்று பார்க்க வேண்டும், இவருக்குப் பின்பக்கம் அடியில் அல்லவா இருக்கிறது என்று நாலு பேர் குனிந்து பார்த்தார்கள். கடைசியில் முத்திரை ஆய்வாளர் எல்டன் பஞ்சாயத்து செய்தார். எல்டன் தன் மாமியாருடைய கறவைப் பசுவையே இடம் மாற்றும் சீட்டு இல்லை என்று நடுரோட்டில் நிறுத்தி வைத்த ஆள். ராஸ்கோ எழுந்து நின்றால் இடது கை எந்தப் பக்கம் வருமோ அந்தப் பக்கம் என்றார். சுண்ணாம்புக் கட்டியால் கோடும் போட்டார்.

பாதிரியார் எல்லாரையும் தலை குனியச் சொன்னார். எல்லாரும் குனிந்தார்கள். ட்ரெவர் இரும்பை எடுத்து மூடிமேல் அழுத்தி, சொல்லிக் கொடுத்தபடி நிதானமாக மூன்று எண்ணினான். பைன்மரம் சீறிப் புகைந்தது. ஆமென் சொல்லி எல்லாரும் நிமிர்ந்தபோது, மூன்று முறை சங்கத் தலைவராக இருந்த ராஸ்கோ கெசிங்கரின் பெட்டிமேல் ஒரு வாணலி இருந்தது. கைப்பிடியோடு, கனகச்சிதமாக.

அத்தனை பேரும் மெதுவாகத் திரும்பி ஆரினைப் பார்த்தார்கள். ஆரினோ வாயைப் பிளந்து பெட்டியைப் பார்த்தார். இப்போது அடிக்கும் இரும்புகளில் வாணலியின் கைப்பிடி நேராக இருக்கும். இதில் நுனி கொஞ்சம் வளைந்திருந்தது. அது தாத்தாவின் இரும்பு. காணாமல் போன இரும்பு.

"என்ன, தப்பாப் போச்சா?" என்று ட்ரெவர் கேட்டான்.

எல்டனின் கை தன்பாட்டில் சட்டைப்பையிலிருந்து சீட்டுப் புத்தகத்தை எடுத்துவிட்டது. புதைக்கும் இடம் பண்ணை மேட்டில், ஆற்றுக்கு அந்தப்புறம், வேறு கவுண்டி. ஒருத்தர் முத்திரை போட்டதை இன்னொருத்தர் சீட்டில்லாமல் நகர்த்த முடியாது என்று அவர் பாதி விளையாட்டாகவும் பாதி நிஜமாகவும் சொன்னார். எல்டனுக்கே எது எந்தப் பாதி என்று தெரிந்திருக்காது. கூட்டத்தில் மெல்லச் சிரிப்பு எழுந்தது.

ஆரின் சிரிக்கவில்லை. அவர் நடந்து போய்ப் பெட்டிமேல் கையை வைத்தார்.

"முத்திரை என்னுது. இனி அதுதான் பேசும். இவன் எனக்குச் சொந்தம்."

வேடிக்கை பண்ணுகிறார் என்று நினைத்து இன்னும் பலமாகச் சிரித்தார்கள். வெர்லா மட்டும் கண்ணை மூடிக்கொண்டாள்.

"இதே வார்த்தைய எண்பத்தாறுல இவன் எனக்குச் சொன்னான்," என்றார் ஆரின். "என் கன்னு மேல இவன் கிரீடத்த வச்சுட்டுச் சொன்னான். அந்த வளையக்கண்ணு மாடெல்லாம் யாரோடதுன்னு நெனச்சீங்க? என் கன்ன எனக்குக் குடுங்க. நான் இவன விட்டுடறேன்."

சிரிப்பு அறுந்துபோனது. ராஸ்கோவின் மகள் அழ ஆரம்பித்தாள். கிழவனுக்கு மூளை பிசகிவிட்டது, சாவு வீட்டில் பேசுகிற பேச்சா இது என்று பின்னாலிருந்து குரல்கள் வந்தன. மாநிலச் சங்கத்துக்காரர் தொப்பியை எடுத்துப் போட்டுக்கொண்டார். ஆரினுக்கு அப்போதுதான் உறைத்தது. சொல்லியாகிவிட்டது. நிரூபிக்க ஒன்றுமில்லை. வாணலி இரும்பு ராஸ்கோ வீட்டில் கிடந்தது என்றால், மறந்து விட்டுப் போனது என்று போகும். இனி காப்பிக்கடையில் தனி மேஜைதான். பெட்டிமேல் இருந்த கையை எடுக்கவும் முடியவில்லை, வைத்திருக்கவும் முடியவில்லை.

மாக்சின் முன்னால் வந்தாள். ஆரினைப் பார்க்கவில்லை, மருமகனைப் பார்த்தாள்.

"இத எங்கேர்ந்து எடுத்த?"

"நீங்க சொன்ன எடந்தான் அத்தை. நம்ம பண்ணைக் கொட்டகை ஆபீஸ் ரூம் கதவுக்குப் பின்னாடி, ஆணியில."

"சாக்கு சுத்தியிருந்ததே."

"ஆமா, பிரிச்சுட்டேன். கம்பியில ஒரு மஞ்சள் அட்டை கட்டியிருந்தது. நெருப்புல உருகிடுமேன்னு வெட்டி எடுத்து வச்சேன்."

ட்ரெவர் கோட்டுப்பையிலிருந்து அதை எடுத்தான். மாட்டுக் காதில் மாட்டும் பிளாஸ்டிக் அட்டை. ஏதோ மாட்டின் நம்பர் என்று நினைத்து அவன் படித்துக்கூடப் பார்க்கவில்லை. மாக்சின் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தாள். இன்னொரு முறை படித்தாள். அதை அவள் அப்படியே தன் கைப்பையில் போட்டு மூடியிருக்கலாம், கேட்க அங்கே ஒருத்தருக்கும் வாய் இருந்திருக்காது. அவள் பெட்டியைப் பார்த்தாள், அந்த வாணலியைப் பார்த்தாள். பிறகு எல்லாருக்கும் கேட்கும்படி வாசித்தாள்.

"ஆரினோடது. கன்னும்தான். மே எண்பத்தாறு."

எல்டன் அட்டையை எட்டிப் பார்த்தார்.

"இவர் கையெழுத்துதான்," என்றாள் மாக்சின். அப்புறம்தான் அவளுக்குக் கோபம் வந்தது, அதுவும் செத்தவர் மேல். "அடப்பாவி மனுஷா. வருஷா வருஷம் இத எறக்கி, எண்ணெய் போட்டுத் தொடச்சு, மறுபடி சாக்கு சுத்தி மாட்டும் இந்த மனுஷன். என்னன்னு கேட்டா பதில் வராது. ராசியான இரும்புபோலன்னு நெனச்சுல்ல இத எடுத்துட்டு வரச் சொன்னேன்."

ஆரின் பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். அதே மே மாதம். அப்படியானால் ராஸ்கோவுக்கு அந்த மாதமே தெரிந்திருக்கிறது. கன்றின் தாய், வாணலி முத்திரையோடு செத்த பசு, எங்காவது பள்ளத்தில் பனி உருகி வெளியே வந்திருக்கும். திருப்பிக் கொடுக்க நினைத்து அட்டையும் கட்டியாகிவிட்டது. அதற்குள் தேர்தல் வந்திருக்கும், தொப்பி அச்சடித்திருப்பார்கள். அப்புறம் எந்த முகத்தோடு கொண்டு வருவது? முப்பத்தெட்டு வசந்தம் ஆரின் அந்த ஆபீஸ் கதவில் வெளியே சாய்ந்து நின்று காப்பி குடித்திருக்கிறார். உள்ளே போக மாட்டேன் என்று சபதம். அந்த இரும்பு, கதவுக்கு அந்தப் பக்கம், அவர் முதுகுக்கு நேராகத் தொங்கியிருக்கிறது. ஒரு நாள் கோபத்தை விட்டு ஒரு எட்டு உள்ளே வைத்திருந்தால் போதும்.

"எப்ப வந்து ஓட்டிட்டுப் போற, ஆரின்?" என்றாள் மாக்சின். "வளையக்கண்ணு எது வேணும்னாலும் பாத்து எடுத்துக்க. எல்லாத்தையும் எடுத்துக்கிட்டாலும் சரி."

ஆரின் தலையை ஆட்டினார்.

"வேண்டாம் மாக்சின். கன்னு வந்துருச்சு."

எல்டன் மூக்கை உறிஞ்சிக்கொண்டு சீட்டுப் புத்தகத்தைப் பிரித்தார். விளையாட்டுப் பாதி இப்போது காணவில்லை. இதை எழுதாமல் அனுப்புவது ராஸ்கோவுக்கே அவமரியாதை என்றார். விற்பவர் ஆரின் ட்வெட், வாங்குபவர் மாக்சின் கெசிங்கர் என்று எழுதினார். எண்ணிக்கை ஒன்று. முகம் வெள்ளை. அடுத்த கட்டத்துக்கு வந்ததும் பேனா நின்றது.

"காளையா, காயடிச்சதான்னு கேட்டிருக்கு," என்றார் சங்கடமாக.

"காளைன்னே போடு," என்றாள் மாக்சின். "மூணு புள்ள பெத்தவ சொல்றேன்."

முந்நூறு பேரும் அழுதுகொண்டிருந்தார்களா சிரித்தார்களா என்று அப்போது பிரித்துச் சொல்லியிருக்க முடியாது. ஈடாக என்ன என்று கேட்டிருந்த இடத்தில் ஆரினே பேனாவை வாங்கி எழுதினார்: கிடேரிக் கன்று ஒன்று, பெற்றுக்கொண்டேன். கீழே கையெழுத்துப் போட்டார்.

விற்ற மாட்டில் பழைய முத்திரையை யாரும் அழிப்பதில்லை. வாங்கினவர் முத்திரையைப் பக்கத்தில் போடுவார்கள், அவ்வளவுதான். ராஸ்கோவின் கிரீட இரும்பு அவருடைய பிக்கப் வண்டியின் சாமான் பெட்டியில்தான் இருந்தது. ட்ரெவரைத் தவிர ஊருக்கே அது தெரியும். அது காய்வதற்குள் எல்லாரும் காப்பி குடித்து, இலவங்கப்பட்டை ரொட்டியும் தின்று முடித்தார்கள். லிங்கனிலிருந்து யாரோ அனுப்பியிருந்த கோழிப் பண்டத்தை ஒருத்தரும் தொடவில்லை. மாட்டுக்காரன் சாவுக்குக் கோழி அனுப்புகிறவனை என்ன சொல்வது. மாநிலச் சங்கத்துக்காரர் மறுபடி தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

இரும்பு சிவந்ததும் ட்ரெவர் அதை எடுக்கப் போனான். மாக்சின் தடுத்து, ஆரினைக் கைகாட்டினாள். பாதிரியார் தலை குனியச் சொல்ல வாயெடுத்தார்.

"யாரும் குனிய வேண்டாம். இந்தத் தடவை எல்லாரும் கண்ணத் தொறந்து பாருங்க," என்றாள் அவள்.

ஆரின் இரும்பை எடுத்து வாணலிக்குக் கீழே வைத்து அழுத்தினார். புகை கிளம்பியது. பக்கத்தில் குதிரை எதுவும் இல்லாததால் நேராகப் பெட்டியிடமே குனிந்து பேசினார்.

"உள்ள வாடான்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லடா."

எண்ண வேண்டியது மூன்றுதான். அவர் அதற்கு மேலும் கொஞ்ச நேரம் அப்படியே அழுத்திக்கொண்டு நின்றார். வெர்லாதான் வந்து தோளைத் தொட்டு எடுக்கச் சொன்னாள். கிரீடம் சற்றுக் கருகலாகவே விழுந்திருந்தது. மேலே வாணலி, கீழே கிரீடம். முத்திரை படிக்கத் தெரிந்தவனுக்கு, இது முதலில் ஆரினுடையது, பிறகு அவராக மனமொப்பி விட்டுக் கொடுத்தது என்று விளங்கும். எல்டன் விரலால் தடவிப் பார்த்துச் சரி என்று தலையாட்டியதும் ராஸ்கோவை வண்டியில் ஏற்றினார்கள்.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் வெர்லா கைக்குட்டையை நீட்டினாள். புகை கண்ணில் பட்டுவிட்டது என்றார் ஆரின். இல்லை, காற்று அன்றைக்குப் புகையை எதிர்ப்பக்கம்தான் ஓட்டிக்கொண்டு போனது.